நான் போடாத குண்டுக்கு நான் பொறுப்பா? ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரு கேள்வி

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷிப்ட் பஸ்கள் தினமும் கடக்கும் இடம் அது. இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வந்தால், ராஜீவ் காந்தி நினைவிடம். ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் கார், போன், டயர், கண்ணாடி என்று ஏதாவது ஒரு லைனில் நிற்கும் இளைஞர்களில் பெரும்பாலானோர் 1991-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்த நினைவிடம், இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல உதவும் ஓர் அடையாளம். அவ்வளவுதான்.

ஆனால் 1991 மே 21 இரவு இங்கே வெடித்த குண்டுக்குப் பின்னால் ஒரு வெளியுறவுக் கொள்கை இருந்தது. டெல்லியில் எடுத்த ஒரு முடிவு, கடல் தாண்டிப் போய், அங்கே பல உயிர்களைப் பறித்து, நான்கு வருஷம் கழித்து நம் ஊர்த் தேர்தல் கூட்டத்துக்கே திரும்பி வந்தது.

இதை வைத்து ஒரு கேள்வி கேட்கலாம். இன்றைய உலகில் காஸா, உக்ரைன் என்று செய்தி பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் வந்துபோகும் அதே கேள்விதான். ஒரு நாடு நடத்தும் போருக்கும் அதன் வெளியுறவுக் கொள்கைக்கும் அந்த நாட்டின் சாதாரண குடிமக்கள் பொறுப்பா? பொறுப்பு என்றால், எவ்வளவு?

முதலில், என்ன நடந்தது?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. தமிழகம் கொந்தளித்தது. பள்ளி, கல்லூரி, கடை எல்லாம் மூடிப் போராட்டங்கள் நடந்தன. அதே காலத்தில் இந்திய அரசு, ஈழப் போராளி இயக்கங்களுக்கு ரகசியமாகப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. புலிகளும் அதில் அடக்கம்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார். இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியது. ஆரம்பத்தில் அங்கிருந்த தமிழர்கள் பலரும் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள்.

செப்டம்பரில் நல்லூரில் திலீபன் உண்ணாவிரதம் இருந்து உயிரிழந்தார். அக்டோபரில், ஆயுதத்தைக் களையப்போன படைக்கும் புலிகளுக்கும் முழுப் போர் மூண்டது. அமைதி காக்கப் போன படை, யாரைக் காக்கப் போனதோ அவர்களின் தெருக்களிலேயே சண்டை போட்டது.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மருத்துவமனைக்குள் இருந்து புலிகள் சுட்டார்கள், அதனால்தான் நடந்தது என்பது படைத் தரப்பின் விளக்கம். உயிர் தப்பிய ஊழியர்களின் சாட்சியம் வேறு மாதிரி இருந்தது. 1989 ஆகஸ்ட்டில் வல்வெட்டித்துறையில், புலிகளின் தாக்குதலில் வீரர்கள் இறந்ததைத் தொடர்ந்து, 60-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள்.

இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்தார்கள். அமைதிப் படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரும் ஒரு தமிழர்தான்: மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் வீரமரணம் அடைந்தார். சுட்டவரும் தமிழர், சுடப்பட்டவரும் தமிழர் என்ற நிலைமை அப்போது இருந்தது.

1990 மார்ச் 24 அன்று கடைசி வீரர்களும் திரும்பினார்கள். 14 மாதங்கள் கழித்து, ஸ்ரீபெரும்புதூரில் மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். பாதுகாப்புப் பணியில் இருந்த போலீஸார், கட்சிக்காரர்கள் எனப் பலரும் அவரோடு இறந்தார்கள். அமைதிப் படையை அனுப்பியதால் ராஜீவ் மீது புலிகளுக்கு ஏற்பட்ட பகையே கொலைக்குக் காரணம் என்பதை 1999 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

யாரைக் கேட்டு அனுப்பினார்கள்?

நேரடியான பதில்: உங்கள் அப்பா, அம்மாவை யாரும் கேட்கவில்லை.

நம் அரசியலமைப்பின் 7-வது அட்டவணையில், ஒன்றிய அரசின் பட்டியலில் வருகின்றன வெளியுறவு, ஒப்பந்தங்கள், போரும் அமைதியும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ படையை அனுப்பவோ நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் 2013 ஆகஸ்ட்டில் சிரியா மீது ராணுவ நடவடிக்கை எடுக்க அரசு அனுமதி கேட்டபோது, நாடாளுமன்றம் 285-க்கு 272 என்ற கணக்கில் மறுத்துவிட்டது. அரசும் பின்வாங்கியது. இங்கே அப்படி ஒரு வாக்கெடுப்பு நடத்தும் வழக்கமே கிடையாது.

அப்போ மக்களுக்குப் பங்கே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

1987 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மெரினாவில் ஒப்பந்தத்தை ஆதரித்து மாபெரும் கூட்டம் நடந்தது. ராஜீவுடன் முதல்வர் எம்.ஜி.ஆரும் மேடையில் இருந்தார். மருத்துவமனைப் படுகொலை நடந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில், தமிழகத்தின் 39 இடங்களில் 38-ஐ காங்கிரஸ் - அதிமுக அணி வென்றது. மற்ற பல மாநிலங்களில் காங்கிரஸ் சரிந்த தேர்தல் அது.

தமிழக வாக்காளர்கள் அந்தப் போரை ஆதரித்தார்கள் என்று இதற்கு அர்த்தமா? இல்லை. ஒரு ஓட்டில் விலைவாசி, கூட்டணி, உள்ளூர் வேட்பாளர், சாதி, தலைவர் மீதான பிரியம் எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். ஓட்டுச்சீட்டில் ‘இந்தப் போர் வேண்டும், வேண்டாம்’ என்று தனிக் கட்டம் இல்லை. ஆனால் அந்த ஓட்டை வாங்கிய அரசு, ‘மக்கள் எங்களோடு இருக்கிறார்கள்’ என்றுதான் சொல்லும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

இதே சிக்கலை ஒருவர் 1946-லேயே உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறார். கார்ல் யாஸ்பர்ஸ், ஜெர்மன் தத்துவவாதி. மனைவி யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சியில் பல்கலைக்கழக வேலையை இழந்தவர். போர் முடிந்ததும், ‘ஜெர்மானியர்கள் எல்லாருமே குற்றவாளிகளா?’ என்று உலகம் கேட்டது. ‘குற்றம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம் என்றார் அவர்.

முதலாவது, சட்டக் குற்றம். சட்டத்தை மீறியவருக்கு மட்டும். தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். மருத்துவமனை வார்டில் சுட்டவர், சுடச் சொன்னவர் இதில் வருவார்கள். ஒரகடத்தில் வெல்டிங் செய்பவர் வரமாட்டார்.

இரண்டாவது, அரசியல் பொறுப்பு. ஓர் அரசின் குடிமகனாக இருப்பதாலேயே வருவது. அரசு நம் பெயரில் செய்ததன் விளைவை நாம் எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டும்; எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் சேர்த்துத்தான். இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றால், எல்லாருடைய வரிப்பணத்தில் இருந்துதானே போகும்?

மூன்றாவது, அறப் பொறுப்பு. தெரிந்தும் பேசாமல் இருந்தது, வசதிக்காகக் கண்ணை மூடிக்கொண்டது, கைதட்டியது. இதற்கு நீதிபதி அவரவர் மனசாட்சி.

நான்காவது, மனிதன் என்பதாலேயே வருவது. பக்கத்தில் ஒருவர் கொல்லப்படும்போது நான் உயிரோடு இருக்கிறேனே என்ற உறுத்தல். இதை எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? ‘நீ குற்றவாளி’ என்றால் எவரும் உடனே மறுப்பார், மறுப்பது நியாயமும்கூட. ‘உனக்கு ஒரு பொறுப்பு இருக்கு’ என்றால், என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. ஹன்னா அரெண்ட் என்ற சிந்தனையாளர் இதை இன்னும் கறாராகச் சொன்னார். எல்லாரும் குற்றவாளி என்று ஆகிவிட்டால், உண்மையில் யாருமே குற்றவாளி இல்லை. சுட்டவரும் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வார்.

கண்ணகி தீயிடம் சொன்னது

‘நாடு செய்த தப்புக்கு ஜனங்க எல்லாரும் அனுபவிக்கட்டும்’ என்ற கோபம் நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் தப்பு செய்தது பாண்டிய மன்னன். எரிந்தது மதுரை. ஆனால் அந்த உச்ச கோபத்திலும் கண்ணகி, முதியவர்களையும் குழந்தைகளையும் இன்னும் சிலரையும் விட்டுவிடும்படி தீயிடம் சொல்கிறாள். யாரைத் தொடக்கூடாது என்ற பட்டியலில் சாதியும் இருக்கிறது, அதை இன்று நாம் ஏற்க முடியாது. ஆனால் ‘எல்லாரும்’ என்று சொல்லிவிட முடியாது என்ற தயக்கம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அன்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பியவர்கள் இல்லை. அமைதிப் படை செய்தவை எவ்வளவு கொடுமையானாலும், அவை இந்தக் கொலையை நியாயப்படுத்தாது.

அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? அதே தப்பைத் திருப்பிச் செய்தோம். புலிகள் செய்த கொலைக்கு, தமிழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த இலங்கைத் தமிழ் அகதிகள் விலை கொடுத்தார்கள். முகாம்களில் கெடுபிடி அதிகமானது. பிள்ளைகளின் படிப்புக்கான வாய்ப்புகள் சுருங்கின. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவதற்குத் தடை வந்தது. 1992 ஜனவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. அவர்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்பதைச் சரிபார்க்க, ஐ.நா. அகதிகள் அமைப்பு சென்னையில் செயல்பட அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் அனுமதி கிடைத்தது. போருக்குப் பயந்து ஓடி வந்தவர்களில் பலர், புலிகளுக்கும் பயந்துதான் வந்திருந்தார்கள்.

அதற்கு முன், 1990 மார்ச்சில், நாடு திரும்பிய அமைதிப் படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பது அவரது நிலைப்பாடு. அது மனசாட்சியின் குரல் என்றார்கள் சிலர். டெல்லி எடுத்த முடிவுக்கு, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போய்க் காலை இழந்து திரும்பிய சிப்பாயை அவமதிப்பதா என்று கேட்டார்கள் சிலர். இரண்டு பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வீரரை மதிப்பதும் அந்தப் போரைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் இங்கே பிரச்சினை.

‘நான் அப்போ பிறக்கவே இல்லையே’

நியாயமான கேள்வி. 2000-ல் பிறந்த ஒருவருக்கு 1987-ல் நடந்ததில் எந்தக் குற்றமும் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். அப்பா விட்டுப்போன வீட்டை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வீட்டின் மேல் பேங்க் லோன் இருந்தால், ‘நான் கையெழுத்துப் போடலையே’ என்று சொல்ல முடியாது. வீடு வேண்டும் என்றால் கடனையும் பார்க்கத்தான் வேண்டும். பாஸ்போர்ட், ஓட்டுரிமை, ‘நான் இந்தியன்’ என்ற பெருமை எல்லாம் நமக்கு வந்த சொத்து. யாழ்ப்பாணம் மருத்துவமனையும் அதே பத்திரத்தில் இருக்கும் கடன்.

இதை ஒரு நாடு எப்படிக் கையாளலாம் என்பதற்கு நெதர்லாந்து ஓர் உதாரணம். 1995-ல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் ஐ.நா. அமைதிப் படையாக இருந்தவர்கள் டச்சு வீரர்கள். அவர்கள் காவலில் இருந்த பகுதியைச் செர்பியப் படை கைப்பற்றி, 7,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. டச்சு வீரர்கள் கொல்லவில்லை, தடுக்கவில்லை. நெதர்லாந்து அரசே ஓர் ஆய்வு நிறுவனத்தை வைத்து விசாரித்தது. 2002 ஏப்ரலில் அறிக்கை வெளியானதும் பிரதமர் விம் கோக்கின் அமைச்சரவை முழுவதும் ராஜினாமா செய்தது. 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு தேடி வந்திருந்த சுமார் 350 பேரின் சாவில் அரசுக்கு 10 சதவீதப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2022-ல் அதே அரசு, போதிய ஆயுதமும் ஆதரவும் இல்லாமல் அனுப்பப்பட்ட தன் வீரர்களிடமும் மன்னிப்புக் கேட்டது.

கவனியுங்கள்: பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பதில், அனுப்பப்பட்ட வீரர்களுக்கு ஒரு பதில். இரண்டும் ஒரே நாட்டில் நடந்தது.

இலங்கையில் கொழும்பு அருகே பத்தரமுல்லையில் இந்திய அமைதிப் படைக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரதமர் மோடி 2025 ஏப்ரலில் அங்கே மலர்வளையம் வைத்தார். நம் வீரர்களுக்கு அந்த மரியாதை வேண்டியதுதான். ஆனால் யாழ்ப்பாணம் மருத்துவமனை பற்றி இந்தியா பகிரங்க விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட்டதில்லை.

சரி, ஒரகடத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஏனென்றால் வெளியுறவுக் கொள்கை இப்போது தொழிற்சாலை கேட் வழியாகவும் உள்ளே வருகிறது, வெளியே போகிறது.

முதலில் பணம். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். வருமான வரி கட்டாதவரும் ரீசார்ஜிலும் சோப்பிலும் ஜிஎஸ்டி கட்டுகிறார். ஆக, இதில் எல்லாருடைய காசும் இருக்கிறது.

அடுத்து எண்ணெய். உக்ரைன் போர் தொடங்கிய 2022-க்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது. பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. விலை மலிவு, நம் நாட்டு ஏழைகளுக்கு அது அவசியம் என்றது அரசு. அந்தப் பணம் போரை நடத்த உதவுகிறது என்றது மேற்குலகம். அதே ஐரோப்பா ரஷ்ய எரிவாயுவை வாங்கிக்கொண்டும் இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் இதைக் காரணம் காட்டி அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வலித்தது. டெல்லியின் முடிவு, மாஸ்கோவின் போர், வாஷிங்டனின் கோபம் எல்லாம் சேர்ந்து ஒரு தையல் தொழிலாளியின் ஓவர்டைமில் வந்து முடிந்தது.

மூன்றாவது ஆயுதம். 2013-14-ல் இந்தியாவின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 686 கோடி ரூபாய். 2024-25-ல் 23,622 கோடி. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து மையங்களோடு தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கியது. அதன் பகுதியாக, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய வல்லம் வடகால் சிப்காட்டில் ஆளில்லா விமானங்களுக்கான சோதனை மையம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வேலை வரும், நல்ல விஷயம். நாட்டின் பாதுகாப்புக்கும் தேவை. ஆனால் இங்கே சோதிக்கப்படும் பொருள் நாளை எந்த நாட்டு வானத்தில் பறக்கும் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இந்தக் கேள்வி ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. காஸா போரின்போது இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றுமதி செய்யும் இந்திய நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்யக் கோரி, பொருளாதார அறிஞர் ஜான் டிரீஸ் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை, நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்று 2024 செப்டம்பர் 9 அன்று மனு தள்ளுபடியானது. கோர்ட் கதவு மூடியாயிற்று. அப்படியானால் மிச்சமிருப்பது நாடாளுமன்றமும் நாமும்தான்.

சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள மரியன் அப்பேரல் என்ற ஆடை நிறுவனம், இஸ்ரேல் போலீஸுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துவந்தது. 2023 அக்டோபரில், அமைதி திரும்பும்வரை அங்கிருந்து புது ஆர்டர் எடுப்பதில்லை என்று அறிவித்தது. கையில் இருந்த ஆர்டரை முடித்துக்கொடுத்தது. 2024 பிப்ரவரியில், 11 பெரிய துறைமுகங்களின் தொழிலாளர்களைக் கொண்ட இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்கோ அங்கிருந்தோ வரும் ஆயுதச் சரக்கைக் கையாளமாட்டோம் என்றது. இவர்கள் எடுத்த நிலைப்பாட்டை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ‘நாம வெறும் தொழிலாளி, நம்மளால என்ன ஆகும்’ என்று அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

அப்போ, யாருக்கு எவ்வளவு?

எல்லாருக்கும் ஒரே அளவு பொறுப்பு என்றால் அது அநியாயம். தினக்கூலிக்கு காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர், கேள்வி கேட்டால் நாளைக்கு கேட் பாஸ் இருக்காது. அவரையும் ஒரு கேபினட் அமைச்சரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஐரிஸ் மரியன் யங், இதை அளக்க நான்கு அளவுகோல் சொன்னார். நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

அதிகாரம்: நீங்கள் சொன்னால் ஏதாவது மாறுமா? எம்.பி., அதிகாரி, கம்பெனி இயக்குநர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோருக்கு அதிகம். எங்கள் டெஸ்க்குக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு தலைப்பு போர் வெறியைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும்.

ஆதாயம்: அந்தக் கொள்கையால் உங்களுக்கு லாபமா? பங்குச்சந்தையில் ராணுவத் தளவாட நிறுவனத்தின் பங்கு வைத்திருப்பவர் இதில் வருவார். ஸ்மார்ட்போனில் ஒரு டச்சில் வாங்கிவிடுகிறோம், என்ன கம்பெனி என்றுகூடப் பார்ப்பதில்லை.

அக்கறை: உங்களுக்கும் பாதிப்பு உண்டா? ராமேஸ்வரம் மீனவருக்கு இலங்கைக் கொள்கை தலைக்கு மேல் தொங்கும் கத்தி. பாதிக்கப்படுபவருக்கு மாற்றத்தைக் கேட்க முதல் உரிமையும் உண்டு, காரணமும் உண்டு.

கூட்டு பலம்: ஏற்கெனவே ஓர் அமைப்பில் இருக்கிறீர்களா? சங்கம், முன்னாள் மாணவர் குழு, குடியிருப்போர் சங்கம், எதுவானாலும் சரி. தனியாக முடியாததைத் துறைமுகத் தொழிலாளர்கள் சங்கமாகச் செய்தார்கள்.

இந்த நான்கிலும் உங்களுக்கு எதுவுமே இல்லை என்றால், உங்கள் பொறுப்பு சின்னது. பொய்யைப் பரப்பாமல் இருந்தால்கூடப் போதும்.

அதுவே சின்ன வேலை இல்லை

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நான்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். வீடியோ கேம் காட்சிகளும் வேறு நாட்டுப் பழைய வீடியோக்களும் ‘நேரடிக் காட்சி’ என்று ஃபேமிலி குரூப் வரை வந்தன. மே 10 அன்று சண்டை நிறுத்தம் அறிவித்ததும், அதைச் சொன்ன வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் மகளையும் வசைபாடி ஒரு கூட்டம் கிளம்பியது. அவர் தன் எக்ஸ் கணக்கையே பூட்ட வேண்டியதாயிற்று. இதை எந்த அரசும் உத்தரவிட்டுச் செய்யவில்லை. ஷிப்ட் முடித்து வந்து கட்டிலில் படுத்தபடி ஃபார்வர்ட் செய்தவர்களும் அதில் இருந்தார்கள். பஹல்காமில் 26 பேரைக் கொன்றவர்கள் மீது கோபம் வருவது இயல்பு. சண்டை நின்றதற்காக ஒருவரின் மகளைத் திட்டுவது அந்தக் கோபத்தின் கணக்கில் வராது.

வாய் திறப்பது இதைவிடக் கடினம், முக்கியமாக சொந்தத் தரப்பை நோக்கி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவராக இருந்த ரஜனி திராணகம, சக ஆசிரியர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதினார். இந்தியப் படை செய்ததையும் எழுதினார்கள், புலிகள் செய்ததையும் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்று பரவலாகக் குற்றம்சாட்டப்படுகிறது. அவருக்கு வயது 35. அப்படி ஒரு விலை இன்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அதை நினைத்துப் பார்த்தால், நாம் சொல்லும் ‘எதுக்கு வம்பு’ கொஞ்சம் கூசத்தான் செய்யும்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. மூன்று விஷயங்கள் சொல்லலாம்.

ஒன்று, எம்.பி.யிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வரும்போது ரோடு, தண்ணீர், பஸ் கேட்கிறோம். வெளிநாட்டுக்குப் படையோ ஆயுதமோ அனுப்பும் முன் நாடாளுமன்றத்தில் விவாதம் வேண்டுமா, அவர் என்ன நினைக்கிறார் என்பதையும் கேட்கலாம். வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டு, வீரரையும் போரையும் பிரித்துப் பேசப் பழகுங்கள். ‘இந்த முடிவு சரியா?’ என்று கேட்பவரை ‘தேசத் துரோகி’ என்றும், எல்லையில் நிற்பவரை ‘கொலைகாரன்’ என்றும் ஒரே வார்த்தையில் முடித்துவிட வேண்டாம்.

மூன்றாவது, கொஞ்சம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்னும் 50,000-க்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும்கூட முகாம்கள் உண்டு. அங்கே இருக்கும் இளைஞர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். நம்மைப் போலவே தமிழ் மீடியத்தில் படித்து, நம்மைப் போலவே ரீல்ஸ் பார்ப்பவர்கள். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. 2021-ல் தமிழக அரசு முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது, அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை.

1983-ல் பயிற்சி கொடுத்தது, 1987-ல் படை அனுப்பியது, 1991-க்குப் பிறகு சந்தேகப்பட்டது எல்லாம் நம் பெயரில் நடந்தவை. அதன் மிச்சம் அந்த முகாம் வீடுகளில் இருக்கிறது. நடந்து முடிந்த போரை நம்மால் மாற்ற முடியாது. இந்தக் குடியுரிமைக் கேள்வியை மாற்ற முடியும். அதற்கு ஓர் அரசு முடிவு போதும், அரசு முடிவெடுக்க வாக்காளர்கள் கேட்டால் போதும்.

ஒவ்வொரு மே 21 அன்றும் அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். வன்முறையை எதிர்ப்போம் என்று கை நீட்டிச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்ப்பவர்கள் அந்த நாளில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்: இப்போது என் பெயரில் எங்கே, என்ன நடக்கிறது?